அவரைக் கொடியில் அசுவினியா? முதலில் தண்ணீர்

அவரைக் கொழுந்தில் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி கறுப்பாக அப்பியிருந்தால் மருந்தைத் தேடாதீர்கள். காலை வேளையில் ஹோஸ் பைப்பின் வாயை விரலால் பாதி அடைத்து, இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். 2 நாளுக்கு ஒருமுறை, ஒரு வாரம் போதும்.

அசுவினிக்கு உடம்பு மெத்து. சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது பிய்த்துக் கீழே தள்ளினால் பெரும்பாலானவை திரும்ப ஏறி வருவதில்லை. இலையில் உள்ள பிசுபிசுப்பு அதன் இனிப்பான கழிவுதான். அதுவும் கழுவிப் போய்விடும். விட்டுவைத்தால் அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து இலைக்கு வெயில் கிடைக்காது. தண்டில் எறும்பு சாரை போனால் அந்த வழியையும் அடைத்துவிடுங்கள். இனிப்புக்காக அசுவினியைக் காவல் காப்பதே எறும்புதான்.

சின்ன நாற்றுக்கும் பூவும் பிஞ்சுமாக நிற்கும் கொடிக்கும் இந்த வேகம் ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சுருண்ட இலைக்குள் தண்ணீர் போகாது, கிள்ளி எறிவதே மேல். செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு போல இருப்பது மாவுப்பூச்சி. அதற்கு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும்.