வாடகை வீட்டுக்குக் கடன் எடுக்கமுன்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குப் பக்கத்தில் கடனுக்கு வீடு வாங்கி மாணவருக்கு வாடகைக்கு விட யோசிக்கிறீர்களா? முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கோடி ரூபாய்க்கு 12 வீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டும் ஒரு லட்சம். வாடகை 60,000 வந்தால் மீதி 40,000 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். விடுமுறையில் அறைகள் வெறுமையாகக் கிடக்கும், கிணற்று மோட்டாரும் பழுதாகும். மாறும் வட்டியென்றால் இன்னும் கவனம்: 2023 மார்ச்சில் இலங்கை மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதமே 16.5 வீதத்துக்கு ஏறியது.

இன்னொரு வழி ரீட் (REIT): பலரின் பணத்தைச் சேர்த்துக் கட்டடங்கள் வாங்கி, வாடகை வருமானத்தைப் பங்கிடும் நிதியம். அதன் அலகுகள் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால், சேமிப்பிலிருந்து சிறுகச் சிறுக வாங்கலாம். அவசரத்துக்குக் கொஞ்சத்தை மட்டும் விற்கலாம். வீட்டில் ஓர் அறையை மட்டும் விற்க முடியாது. ஆனால் அலகு விலையும் இறங்கும். சரி, அதையாவது கடனில் வாங்காதீர்கள்.