கற்பனை நாடு ஒன்றை உருவாக்குவது எப்படி? கெடிலக் கரையிலிருந்து ஒரு செய்முறை

என் முதல் கற்பனை நாட்டில் ஏழு கோட்டைகள், மூன்று அரச வம்சங்கள், தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு சாபம் எல்லாம் இருந்தன. குடிதண்ணீர் மட்டும் இல்லை. வரைபடத்தைப் பார்த்த அம்மா, "இந்தத் தலைநகரத்துப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள்?" என்று மட்டும் கேட்டார். தலைநகரத்தை நான் மலையுச்சியில் வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

கடலூர் முதுநகரில் வளர்ந்தவன் செய்யக்கூடாத தவறு இது. எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் வராவிட்டாலும் செய்தி, வந்தாலும் செய்தி. ஆகவே கதைக்கோ விளையாட்டுக்கோ புதிதாக ஒரு நாட்டை உருவாக்க நினைக்கும் உங்களிடம் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: எல்லைக்கோட்டையும் அரண்மனையையும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். தண்ணீரில் தொடங்குங்கள்.

தேவையானவை கட்டம் போட்ட தாள், பென்சில், நல்ல அழிப்பான். மென்பொருள் இப்போது வேண்டாம். அது மலைகளை அழகாக வரைந்து கொடுத்துவிடும், நீங்களும் யோசிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

முதல் படி: கையளவு நாடு

புதியவர்கள் கண்டம் கண்டமாக வரைவார்கள். வேண்டாம். 30 கி.மீ. நீளம், 20 கி.மீ. அகலம் போதும். ஒரு செ.மீ.க்கு 2 கி.மீ. என்று வைத்தால் 15க்கு 10 செ.மீ. கட்டத்தில் நாடு அடங்கிவிடும். சிறியதாக இருக்கிறதே என்று வருந்தாதீர்கள். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாகே வெறும் 9 சதுர கி.மீ. தான்.

மனிதர் நடந்தால் மணிக்கு 4 முதல் 5 கி.மீ. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி நாளொன்றுக்கு 20, 25 கி.மீ. போகும். இதை வரைபடத்தின் மூலையில் எழுதிவையுங்கள். மேற்கு எல்லையிலிருந்து கடலுக்கு வண்டி வர ஒன்றரை நாள் ஆகும் என்றால், நடுவழியில் ஓர் இரவு தங்கியாக வேண்டும். அங்கே ஒரு சத்திரம், மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, இட்லி விற்கும் ஒரு பாட்டி. நீங்கள் திட்டமிடாமலேயே ஓர் ஊர் பிறந்துவிட்டது.

நான் இங்கே எடுத்துக்காட்டாக உருவாக்கும் நாட்டின் பெயர் நெடுங்கழி.

இரண்டாம் படி: தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. எது மேடு, எது பள்ளம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நெடுங்கழிக்கு மேற்கில் மேடு, கிழக்கில் கடல். மேட்டிலிருந்து ஆறுகளை இறக்குங்கள். போகப்போக ஆறுகள் ஒன்றோடு ஒன்று சேரும், பிரியாது. கடலை ஒட்டிய சமவெளியில் மட்டுமே அவை கிளை பிரியும். ஒரே ஏரியிலிருந்து இரண்டு ஆறுகள் புறப்பட்டு இரண்டு கடல்களுக்குப் போவதாக நான் ஒருமுறை வரைந்தேன். அதைப் பார்த்த நண்பர் ஒருவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்து, ஆற்றுக்குத் தண்ணீர் தரும் மழை எங்கே பெய்கிறது? தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து நெடுந்தூரம் வருகிறது. கெடிலம் பக்கத்திலேயே பிறந்து பக்கத்திலேயே முடியும் சிற்றாறு. இரண்டும் கடலூரில்தான் கடலைத் தொடுகின்றன, ஆனால் குணம் வேறு. கெடிலத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஒரே இரவில் கரையைத் தொட்டு ஓடும். தென்பெண்ணையில் வெள்ளம், நம் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதுகூட வரலாம். உங்கள் ஆறு இதில் எந்த வகை? மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிட்டால் மீதி ஒன்பது மாதம் மக்கள் எதைக் குடிப்பார்கள்?

ஏரிகள் இங்கேதான் வருகின்றன. சமவெளி ஏரி தானாக அமைந்த பள்ளம் அல்ல, யாரோ கரை கட்டியது. வீராணம் ஏரி பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டியது. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக அதற்கு வருகிறது. 2004 முதல் அதே தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. ஓர் ஏரியை வரையும்போது மூன்றைக் குறியுங்கள்: தண்ணீர் வரும் வாய்க்கால், வயலுக்குத் திறக்கும் மதகு, மிஞ்சியது வழியும் கலிங்கு. மதகின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் உங்களுக்கு ஓர் அதிகாரி கிடைப்பார். கலிங்கில் வழியும் நீர் யாருடைய ஏரிக்குப் போகிறது என்று கேட்டால் ஒரு பகை கிடைக்கும். இரண்டு ஊர் வாய்க்கால் சண்டையில் ஒரு நாவலே எழுதலாம், வம்ச சாபம் தேவைப்படாது.

கடற்கரையைக் கோணல்மாணலாக வரைந்துவிட்டுப் போய்விடாதீர்கள். நம் கிழக்குக் கரையில் அலை மணலை ஓயாமல் நகர்த்துகிறது. ஆண்டு மொத்தத்தில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல்தான் அதிகம். ஆற்றில் நீர் குறையும் மாதங்களில் முகத்துவாரத்தை மணல் திட்டு மூடிவிடும். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை கரைந்தது. கடற்கரைச் சாலையோரம் இருந்த மணல்வெளியில் கருங்கல்லைக் கொட்ட வேண்டிவந்தது. நெடுங்கழி அரசன் துறைமுகம் கட்டினால் வடக்குக் குப்பத்து மீனவர்கள் ஏன் கொதிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் படி: மண்ணும் திணையும்

உலகம் படைக்கும் முறையை நம் பழைய இலக்கணக்காரர்கள் எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அதன்பின் அந்த நிலத்துக்குரிய உணவு, விலங்கு, மரம், பறை, தொழில், தெய்வம் ஆகியவை கருப்பொருள். மனிதர்களின் காதலும் பிரிவும் அதற்கு அப்புறம்தான் உரிப்பொருளாக வருகின்றன. வரிசையைக் கவனியுங்கள். நாம் நாயகியின் கண்ணீரில் தொடங்கி, கடைசியில் அவளுக்கு ஊர் தேடுகிறோம்.

வரைபடத்தை நாலைந்து நிலங்களாகப் பிரியுங்கள். நெடுங்கழிக்குப் பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணை நினைத்து 'செம்மேடு' என்று ஒரு மேட்டுப் புன்செய் வைத்தேன். நெல் அங்கே தள்ளாடும், பலாவும் முந்திரியும் செழிக்கும். அதற்குக் கீழே ஏரிப் பாசன நன்செய். அப்புறம் மணல்மேடு, கழி, கடல். பிச்சாவரத்தைப் பார்த்தவர்கள் கழியோரம் சதுப்புக்காடு வைக்க மறக்க மாட்டார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பண்ருட்டி முந்திரி பண்ருட்டிக்கு உரியது என்று நினைப்போம், ஆனால் அது பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்ததுதான். உங்கள் நாட்டில் மிளகாய்க் குழம்பு கொதிக்கிறது என்றால் யாரோ ஒருவர் கப்பலில் வந்திருக்கிறார். அவர் யாரென்று முடிவு செய்யுங்கள், அல்லது குழம்பில் மிளகைப் போடுங்கள்.

நான்காம் படி: வயிற்றுக் கணக்கு

நாட்டில் எத்தனை பேர்? 'லட்சக்கணக்கானோர்' என்று எழுதித் தப்பிக்க வேண்டாம். கணக்கு எளிது. நெடுங்கழியின் பரப்பு 600 சதுர கி.மீ., அதாவது சுமார் 1,48,000 ஏக்கர். அதில் நூற்றுக்கு 15 பங்கு நன்செய் என்று வைத்தேன், கிட்டத்தட்ட 22,000 ஏக்கர். உரம் இல்லாத காலத்துக் கதை என்பதால் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு டன் நெல் என்று என் வசதிக்கு வைத்துக்கொண்டேன். குத்தினால் 650 கிலோ அரிசி. ஆளுக்கு ஆண்டுக்கு 180 கிலோ என்றால் ஓர் ஏக்கர் மூன்றரைப் பேருக்குச் சோறு போடும். விதைநெல், எலி, வரி எல்லாம் போக மூன்று பேர். ஆக 66,000 பேர். பத்தில் ஒருவர் நகரத்தில் இருந்தாலும் துறைமுக நகரம் ஏழாயிரம் பேரைத் தாண்டாது.

அந்த நகரத்திலிருந்து ஐம்பதாயிரம் பேர் கொண்ட படை புறப்படுவதாக என் பழைய அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். அழிப்பான் ஏன் கேட்டேன் என்று இப்போது புரியும்.

ஐந்தாம் படி: எதை விற்கிறார்கள், யாருக்கு?

ஒவ்வொரு பொருளிடமும் கேளுங்கள்: நீ எவ்வளவு கனம், எவ்வளவு சீக்கிரம் கெடுவாய்?

ஒரு டன் சர்க்கரைக்கு ஏறக்குறைய பத்து டன் கரும்பு வேண்டும். வெட்டிய கரும்பைக் கிடப்பில் போட்டால் இனிப்பு இறங்கும். ஆகவே ஆலை கரும்பைத் தேடி வயலுக்கு நடுவே வரும். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருப்பது இதனால்தான். மீன் இன்னும் அவசரக்காரன். பனிக்கட்டி இல்லாத உலகத்தில் பச்சை மீன் கூடைக்காரி நடந்து போகும் தூரம் வரைதான் போகும், அதற்கு அப்பால் கருவாடு. கருவாட்டுக்கு உப்பு வேண்டும். உப்பளத்துக்குக் காய்ந்த வெயில் வேண்டும். மரக்காணத்தைப் போல உங்கள் உப்பளமும் மழைக்காலத்தில் மூடிக்கிடக்கும். உப்பு வண்டிகள் மேற்கே போய் நெல்லோடு திரும்பும், சங்க காலத்து உமணர் செய்ததைப் போலவே. இந்த நான்கு வரிகளை வரைபடத்தில் அம்புக்குறிகளாகப் போட்டுப் பாருங்கள், சாலைகள் தாமாக விழும். அம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் சந்தை வையுங்கள்.

கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பரங்கிப்பேட்டை சாட்சி. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பு உருக்காலை நடத்தினார். கடல் பக்கத்தில் இருந்தது, ஆனால் தாது சேலம் பகுதியிலிருந்து வர வேண்டும், உலைக்கு மரக்கரி வேண்டும். கரிக்குக் காடு போதவில்லை, ஆலையும் நிலைக்கவில்லை. கற்பனை நாட்டில் சுரங்கத்தை ஒரு மூலையிலும் உலையை இன்னொரு மூலையிலும் வைக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

வாங்குகிறவர் எங்கேயோ இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியின் அவுரிச் சாயமிட்ட நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போய்ப் பிசினுக்கு மாற்றாக விற்றது. அந்தத் துணியைச் சாயத்தில் முக்கியெடுத்த கைகள் செனகலைப் பார்த்ததே இல்லை. ஆனால் அங்கே பிசின் விளையாத ஆண்டில் இங்கே தறி நின்றிருக்கும்.

ஆறாம் படி: இப்போது எல்லை

எல்லை என்றால் ஆறோ மலையோ என்று நினைப்பவர்கள் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒருமுறை பஸ்ஸில் போக வேண்டும். முள்ளோடையில் எல்லை வருகிறது. அங்கே ஆறும் இல்லை, மலையும் இல்லை. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று புதுச்சேரி நிலம் தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. காரைக்கால் தெற்கே, ஏனாம் ஆந்திரத்தில், மாகே கேரளக் கரையில். அன்றைய வணிகக் கம்பெனிகளும் அரசர்களும் கொடுத்தது, வாங்கியது, பிடித்தது எல்லாம் அப்படியே கோடாக நின்றுவிட்டது.

இன்னும் வேடிக்கை வேண்டுமா? 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். சுட்ட குண்டு விழுந்த இடம் வரை இருந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. இதை நீங்கள் கற்பனையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.

கோட்டுக்கு இருபுறமும் வரி வேறாக இருந்தால் உடனே ஒரு தொழில் முளைக்கும். புதுச்சேரியில் மதுவின் வரி குறைவு, அதனால் சாலையில் சோதனைச்சாவடி. நெடுங்கழிக்கும் பக்கத்து நாட்டுக்கும் இடையே ஒரே ஒரு பொருளின் வரியை மாற்றிப் பாருங்கள். நான் உப்பை மாற்றினேன். கடத்தல்காரன், காவல்காரன், இருவருக்கும் சோறு போடும் சாவடிக் கடைக்காரி என மூன்று பாத்திரங்கள் வந்து நின்றார்கள்.

ஏழாம் படி: பெயர்

இது சீக்கிரம் முடியும். பட்டினம், பேட்டை, குப்பம், பாளையம், சாவடி என்ற முடிவுகளை வைத்தே ஊரின் பழைய தொழிலைச் சொல்லிவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் பொருத்தமாக வைக்காதீர்கள். குப்பம் என்றதும் மீனவர் ஊர் என்று நினைத்து நெல்லிக்குப்பத்தில் வலை விரித்தால் கரும்புச் சோகைதான் மாட்டும். தொழில் மாறிய பிறகும் பெயர் மாறாமல் இருக்கும் ஓர் ஊராவது உங்கள் நாட்டில் இருக்கட்டும்.

எட்டாம் படி: ஒரு புயலை அனுப்புங்கள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த பருவத்தில் விதைக்கலாம். பலாவை நட்டுவிட்டுக் காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

உங்கள் வரைபடத்திலும் தென்கிழக்கிலிருந்து ஒரு புயலைக் கொண்டுவந்து துறைமுகத்தின் மேல் ஏற்றுங்கள். செம்மேட்டில் மரங்கள் விழுந்தன, ஏரிக்கரை உடைந்தது, முகத்துவாரம் இடம் மாறியது என்று குறியுங்கள். பிறகு நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் திரும்பிப் போய், முதல் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, ஏழாம் ஆண்டு என்று மூன்று முறை கணக்குப் போடுங்கள். நெடுங்கழியில் மூன்றாம் ஆண்டு வட்டிக்கடைகள் இரட்டிப்பாயின. செம்மேட்டு இளைஞர்கள் பக்கத்து நாட்டுக் கப்பலில் ஏறிவிட்டார்கள். ஏழாம் ஆண்டு முதல் பலாக்காய் பிடித்தபோது அதை வெட்ட வீட்டில் ஒரு கிழவிதான் இருந்தாள். என் கதையை அவளிடமிருந்து தொடங்கியிருக்கிறேன்.