கூரியரில் வரும் தாய்ப்பால்: நம்மூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் தங்கச்சியின் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. எடை ஒன்றரைக் கிலோ. குழந்தை இன்குபேட்டரில், அவள் ஆபரேஷன் வலியோடு வார்டில். மூன்றாம் நாள் சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது: தாய்ப்பால் கிடைக்கும், ஐஸ் பெட்டியில் வீட்டுக்கே அனுப்புவோம். கீழே ஒரு நம்பர். கொஞ்ச நேரத்தில் மார்த்தாண்டத்தில் இருந்து அத்தை கூப்பிட்டார். "பிள்ளைக்குப் பாலு காணாதுன்னா அதை வாங்கிக் குடுக்க வேண்டியதுதானே மக்களே. தாய்ப்பாலுதானே?"

அந்தத் "தாய்ப்பாலுதானே" என்ற நம்பிக்கைதான் முதல் தவறு. பெற்ற தாயின் மார்பில் இருந்து குழந்தையின் வாய்க்கு நேராகப் போகும் பால் வேறு. முகம் தெரியாத ஒருவரின் கை, பம்பு, பாட்டில், பெட்டி, வண்டி எல்லாம் தாண்டி வரும் பால் வேறு. எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகப் பரவும். கொடுப்பவர் சாப்பிடும் மாத்திரையும், புகையிலையின் நிக்கோட்டினும், மதுவும் பாலில் இறங்கும். கர்ப்பகாலத்தில் பார்த்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை விற்பவர் போட்டோ எடுத்து அனுப்பினாலும், அது அன்றைய நிலையைத்தான் சொல்லும், இன்றைய நிலையை அல்ல.

அமெரிக்காவின் ஒஹாயோவில் ஆராய்ச்சியாளர்கள் இணையத்தில் விற்ற தாய்ப்பாலைத் தாங்களே வாங்கிச் சோதித்தார்கள். 2013-ல் வெளியான முடிவில், 101 மாதிரிகளில் 74 சதவீதத்தில் கவலைப்படும் அளவுக்குப் பாக்டீரியா இருந்தது. 2015-ல் வெளியானது இன்னும் வருத்தம் தந்தது. 102 மாதிரிகளில் பத்து மாதிரிகளில் குறைந்தது 10 சதவீதம் பசும்பால் கலந்திருந்தது. மில்லி கணக்கில் காசு என்றாகிவிட்டால் அளவைக் கூட்டும் ஆசையும் கூடவே வந்துவிடும். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அந்தக் கலப்படம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐஸ் பெட்டியை நம்புவது அடுத்த தவறு. குளச்சல்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐஸ் விட்டுப்போன மீனை மறுபடி ஐஸில் வைத்தாலும் செவுள் காட்டிக் கொடுத்துவிடும். பாலுக்குச் செவுள் கிடையாது. உறைந்த பால் வழியில் இளகி, யாரோ ஒருவர் வீட்டு ஃபிரீசரில் திரும்பவும் உறைந்து உங்கள் கைக்கு வந்தால், பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. கறந்த தாய்ப்பாலை வெளியில் வைக்கக்கூடியது 25 டிகிரிக்குள் நான்கு மணிநேரம்தான். நம்மூர் மதிய வெயிலில் அந்தக் கணக்கும் செல்லாது.

"கொதிக்க வச்சுக் குடுத்தாப் போச்சு" என்பார்கள். தாய்மார்கள் தானமாகத் தரும் பாலைச் சேர்த்து வைக்கும் தாய்ப்பால் வங்கியில் பாலை 62.5 டிகிரி சூட்டில் முப்பது நிமிடம் வைத்துச் சட்டென்று குளிர வைக்கிறார்கள், கிருமி இருக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். கிருமி சாக வேண்டும், பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தி முடிந்தவரை மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே அந்தச் சூடு. அடுப்பில் கொதிக்க விட்டால் அந்தச் சக்தி பெருமளவு போய்விடும். மருந்தும் நிக்கோட்டினும் அப்படியே இருக்கும். சில பாக்டீரியா விட்டுச்சென்ற நச்சும் கொதிநிலையில் அழியாது.

உடம்பு ஏற்றவும் நோய் தீரவும் பெரியவர்கள் வாங்கிக் குடிப்பதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது.

சட்டத்தைக் கேட்காமல் இறங்குவதும் தவறுதான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே 24 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது: 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தாய்ப்பாலைப் பதப்படுத்தவோ விற்கவோ அனுமதி இல்லை. அதே மாதக் கடைசியில் சென்னை மாதவரத்தில் பாட்டிலில் அடைத்து விற்ற ஒரு கடைக்குச் சீல் வைத்தார்கள். மத்திய அரசின் 2017 வழிகாட்டுதல்படி தானம் இலவசமாக, மனமுவந்து தர வேண்டும். அந்தப் பால் மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கு மட்டுமே போக வேண்டும். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போனாலும் இதே சட்டம்தான். அங்கேயும் முறையான வழி வங்கிதான். எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் 2021-ல் ஒன்று தொடங்கினார்கள்.

விற்கிறவரைத் திட்டித் தீர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கம்போடியாவின் ஏழைப் பெண்களிடம் பால் வாங்கி ஒரு அமெரிக்க நிறுவனம் ஏற்றுமதி செய்தது. 2017-ல் அந்நாட்டு அரசு அதைத் தடுத்தது. அந்தத் தாய்மார்களுக்கு அது வருமானம், மறுக்க முடியாது. ஆனால் மடியில் ஒரு குழந்தை இருக்கும்போது பாலுக்கு விலை வந்தால், யாருக்கு முதலில் என்ற கேள்வி அந்த வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

தக்கலை, தேங்காப்பட்டணம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் இன்னொன்றும் கேட்பார்கள். ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள் மாதிரி, அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. பெயரில்லாத பாட்டிலில் அந்தப் பால்குடி உறவை யார் கண்டுபிடிப்பது?

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, பால் இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவது. முதல் நாள் வருவது சில துளி சீம்பால்தான். அந்தக் குழந்தைக்கு அது பெரிய விஷயம், பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள். பால் நன்றாக ஊற இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். ஆபரேஷன் என்றாலோ குறைமாதம் என்றாலோ இன்னும் தள்ளிப்போகலாம். குழந்தை பக்கத்தில் இல்லாவிட்டாலும் ராத்திரி உட்பட ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது எடுக்க வேண்டும். எடுக்க எடுக்கத்தான் ஊறும். தங்கச்சிக்கு மூன்றாம் நாள் ஒரு சங்கு கூட நிறையவில்லை, ஆறாம் நாள் நிறைந்தது.

அதுவரைக்கும்? நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, நீங்கள் இருக்கும் வேறு மருத்துவமனையோ, பச்சிளங்குழந்தைப் பிரிவு டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: பதப்படுத்திய தானப்பால் கிடைக்குமா, எந்த வங்கியில் இருந்து, கிடைக்காவிட்டால் என்ன கொடுக்கலாம்? டாக்டர் பால் பவுடர் எழுதிக் கொடுத்தால் கூசாமல் கொடுங்கள். ஊர் பேர் தெரியாத பாலை விட அது பாதுகாப்பு.

மூன்று மாதம் கழித்துத் தங்கச்சிக்குப் பால் மிஞ்ச ஆரம்பித்தது. தானம் கொடுக்க ஆசைப்பட்டு ஒரு தாய்ப்பால் வங்கிக்குப் போன் செய்தாள். எடுத்து வைத்ததைக் கொண்டு வர வேண்டாம், நேரில் வாருங்கள், ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் நர்ஸ். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். போனை வைக்கும் முன் ஒன்று கேட்டார்: "உங்க பிள்ளை வயிறு நிறையக் குடிச்ச பிறகுதானே மிஞ்சுது?"