2" பைப்பும் பேக்ஸ்லாஷும்: கோட் உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு ஹாட்வெயார் கடையின் பொருள் பட்டியலைத் திறந்து பாருங்கள். 1/2" எல்போ, 2" பைப், 20' கயிறு என்று அடி, அங்குலக் குறிகளாகவே கிடக்கும். எக்செலில் உள்ள அந்தப் பட்டியலை ஒரு ஸ்கிரிப்டிடம் கொடுத்து, பில் போடும் மென்பொருளுக்கான கோட்டை எழுத வைத்தால் வருவது இது:

பொருள் = "2" பைப்"

அங்குலக் குறியைக் கண்டதும் சரம் (மேற்கோளுக்குள் வைத்த எழுத்துத் தொடர்) முடிந்தது என்று கணினி எடுத்துக்கொள்ளும். பைப் அந்தரத்தில் நிற்கும். வேண்டியது இது:

பொருள் = "2\" பைப்"

இப்படி முன்னால் பேக்ஸ்லாஷ் (\) போட்டு, குறியை வெறும் எழுத்தாக எடுக்கச் சொல்வதுதான் எஸ்கேப். உடனே பலர், " வரும் இடமெல்லாம் \" போடும் வரி ஒன்றைத் தாங்களே எழுதிவிடுவார்கள். பேக்ஸ்லாஷும் தனிக்குறிதான், அதையும் இரட்டிக்க வேண்டும் என்பது பிறகுதான் நினைவுக்கு வரும். மேற்கோளை முதலில் மாற்றிவிட்டுப் பேக்ஸ்லாஷை இரட்டித்தால் 2\" என்பது 2\\" ஆகி, சரம் பழையபடி அதே இடத்தில் அறும். பேக்ஸ்லாஷ் முதலில், மேற்கோள் பிறகு. எக்செல் செல்லுக்குள் யாராவது வரி உடைத்திருந்தால் அதற்கும் தனி வைத்தியம். இத்தனையையும் கையால் கட்டுவது வீண் வேலை. பைத்தன் கோட் என்றால் ரெப்ர்() (repr), தரவு பரிமாறும் வடிவமான ஜேசன் (JSON) என்றால் அதற்குரிய நூலகம், அவை பார்த்துக்கொள்ளும்.

ஒரு மொழிக்குச் செய்த எஸ்கேப் இன்னொன்றுக்கு உதவாது. தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல்லில் (SQL) ஒற்றை மேற்கோளை இரட்டிப்பார்கள்: '20'' கயிறு'. காற்புள்ளியால் பிரித்த பட்டியலான சிஎஸ்வியில் (CSV) இரட்டை மேற்கோளை. ஆனாலும் எஸ்கியூஎல்லுக்கு மதிப்பைக் கட்டளைக்குள் ஒட்டாமல், தனியே பராமீட்டராகக் கொடுப்பதே நல்லது. பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் மேற்கோளை மூடிவிட்டுக் கட்டளை எழுதினாலும் அது வெறும் எழுத்தாகவே கிடக்கும்.

சேமிக்கும்போதே எஸ்கேப் செய்து வைக்கவும் வேண்டாம். கோட் எழுதும்போது இரண்டாம் தடவையும் நடந்து, பில்லில் 2\" பைப் என்றே அச்சாகும்.

எங்கள் பக்கத்துப் பழைய பட்டியல்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துரு வேறு இருக்கும். அதில் மெய்யெழுத்தின் புள்ளி, கணினிக்கு வெறும் அரைப்புள்ளி (;). ஆபத்தான குறி என்று நினைத்து அதை வெட்டியெறிந்தால் வன்னி 'வனனி' ஆகிவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். யூனிகோட் தமிழுக்கு எஸ்கேப்பே தேவையில்லை. பைத்தனின் ஜேசன் நூலகம் மட்டும் தமிழெழுத்தைத் தன்பாட்டில் பேக்ஸ்லாஷ் எண்களாக்கிவிடும். வாசிக்கும்போது தமிழ் திரும்பி வந்துவிடும் என்பதால் அது பிழையல்ல. கோப்பைத் திறந்து பார்ப்பவருக்குத்தான் தலை சுற்றும். என்ஷூர்_ஆஸ்கி (ensure_ascii) என்ற அமைப்பை ஃபோல்ஸ் (False) ஆக்கினால் தமிழ் தமிழாகவே எழுதப்படும்.