ஆங்கில வணிக மின்னஞ்சல்: தெரிந்த சொற்களில் நேரும் தவறுகள்

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத உட்காரும்போது இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்றுதான் பெரும்பாலோர் அஞ்சுகிறார்கள். 'இஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஆர்' வந்துவிட்டால் படிப்பவருக்குப் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. புரிந்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். பணத்தையும் உறவையும் கெடுக்கிற தவறுகள் வேறு. இலக்கணம் அப்பழுக்கில்லாமல் இருக்கும் வாக்கியத்திலேயே அவை இருக்கும். பள்ளிக்கூடத்திலேயே கற்ற, நன்றாகத் தெரியும் என்று நாம் நம்புகிற எளிய சொற்களில்தான் அவை நேர்கின்றன.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று சமக்குறி போட்டு மனப்பாடம் செய்த பழக்கமே இதற்கு வேர். போட்டித் தேர்வுக்கு அந்தப் பட்டியல் உதவும். ஆனால் சொல் எந்தச் சொல்லோடு சேரும், எதற்கு எதிர், எந்த வகைக்குள் அடங்கும், எவ்வளவு அழுத்தம் உடையது என்பதையெல்லாம் அது சொல்லித்தராது. வணிகக் கடிதத்தில் பொருளைத் தீர்மானிப்பவை இந்த உறவுகளே.

ஒரு தமிழ்ச் சொல், பல ஆங்கிலச் சொற்கள்

'சந்தேகம்' என்பதை எடுத்துக்கொள்வோம். பாடத்தில் புரியாததைக் கேட்பதும் சந்தேகம்தான், ஒருவரின் நேர்மையை நம்பாததும் சந்தேகம்தான். ஆங்கிலத்தின் 'டவுட்' பெரும்பாலும் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. இன்வாய்ஸில், அதாவது விலைப்பட்டியலில், ஒரு வரி விளங்கவில்லை என்று சொல்ல நினைத்து, 'ஐ ஹாவ் எ டவுட் அபௌட் யுவர் இன்வாய்ஸ்' என்று எழுதினால், பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருப்பவர் தம் கணக்கின் மீது ஐயப்படுகிறார்கள் என்றே எண்ணுவார். அங்கே வர வேண்டிய சொல் 'கொஸ்சின்'. இந்திய அலுவலகங்களுக்குள் 'டவுட்' பிழையாகத் தோன்றுவதில்லை. அதனால்தான் அது வெளிநாட்டுக் கடிதத்திலும் நம் கண்ணில் படாமல் நுழைந்துவிடுகிறது.

'எதிர்பார்க்கிறேன்' என்பதும் இப்படித்தான். தமிழில் அது பணிவாகவும் இருக்க முடியும், ஆவலாகவும் இருக்க முடியும். 'எக்ஸ்பெக்ட்' என்றால் 'வந்தாக வேண்டும்' என்ற கண்டிப்பு கூடவே வந்து சேரும். 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை டுடே' என்பது மேலதிகாரி கீழே இருப்பவருக்கு இடும் கட்டளைபோல ஒலிக்கும். நாம் சொல்ல விரும்பியது பெரும்பாலும் 'லுக் ஃபார்வர்ட் டு'. அதற்குப் பின் 'ஹியர்' வராது, 'ஹியரிங்' வரும்.

இவற்றைவிட அதிக எச்சரிக்கை வேண்டியது 'ஏற்றுக்கொள்கிறோம், ஒப்புக்கொள்கிறோம்' என்ற இணை. ஆங்கிலத்தில் இதற்கு 'அக்செப்ட்', 'அக்ரீ', 'அட்மிட்', 'அக்னாலெட்ஜ்' என்று நான்கு சொற்கள் உண்டு. நான்கும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு. 'அக்னாலெட்ஜ்' என்பது கடிதம் கிடைத்தது என்று தெரிவிப்பதற்குப் போதுமான சொல். 'அட்மிட்' என்பது தவறு நம்முடையது என்று ஒப்புக்கொள்வது. வாடிக்கையாளர் துணியில் கறை இருக்கிறது என்று புகார் அனுப்பியிருக்கிறார். சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே பணிவு கருதி 'வி அட்மிட்' என்று எழுதிவிட்டால் பொறுப்பையே ஏற்றதாகிவிடும். பொறுப்புக் காப்பீட்டு ஆவணங்கள் பலவற்றில், காப்பீட்டு நிறுவனத்தின் இசைவில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கிறது. பணிவாக எழுதிய ஒரே சொல், இழப்பீடு கிடைக்கும் வழியை அடைத்துவிடக்கூடும்.

'அக்செப்ட்' இன்னும் கனமானது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவரது முன்மொழிவு ஏற்கப்பட்டதும் அது வாக்குறுதி ஆகிவிடுகிறது. கொட்டேஷன் வந்து சேர்ந்தது, நன்றி என்று சொல்ல நினைத்து 'வி அக்செப்ட் யுவர் கொட்டேஷன்' என்று எழுதுவது, அந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும். 'வி ஹாவ் ரிசீவ்டு யுவர் கொட்டேஷன்' என்பது போதும். கொட்டேஷனையும் எஸ்டிமேட்டையும் மாற்றி எழுதுவதும் இதே அளவு ஆபத்து. முதலாவது பொதுவாக உறுதியான விலை, இரண்டாவது தோராயக் கணக்கு.

தமிழே கைகொடுக்கும் ஓர் இடமும் உண்டு. 'பை', 'டில்' இரண்டையும் குழப்பிக்கொண்டு 'ஆவணங்களை டில் ஃப்ரைடே அனுப்புங்கள்' என்று எழுதுபவர்கள் பலர். தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் 'பை', 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் 'டில்'. எழுதுமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் சரியான சொல் தானாக வரும். கால அளவைச் சொல்லும்போது மட்டும் கவனம் தேவை. 'மூன்று நாளுக்குள்' என்பதற்கு 'வித்தின்' வேண்டும். 'இன் த்ரீ டேஸ்' என்றால் மூன்று நாள் கழித்து என்றே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

ஒரே பொருளுக்கு ஒரே சொல்

கட்டுரைப் பயிற்சியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று கற்றிருக்கிறோம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று. ஆனால் அதே பட்டியலில் 'மயங்க வைத்தல்' என்பதும் இருக்கிறது. வணிகக் கடிதத்தில் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்றால், ஒரே சொல்லைத் திரும்ப எழுதுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. முதல் பத்தியில் 'அக்ரிமென்ட்', இரண்டாவதில் 'கான்ட்ராக்ட்', மூன்றாவதில் 'அரேஞ்ச்மென்ட்' என்று அழகுக்காக மாற்றினால், மூன்று தனித்தனி ஆவணங்கள் இருக்கின்றனவோ என்று படிப்பவர் தேடத் தொடங்குவார். ஆங்கிலேயர்களுக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. ஆங்கில நடையைப் பற்றி எழுதிய ஃபௌலர் சகோதரர்கள் 1906இலேயே இதற்கு 'எலிகன்ட் வேரியேஷன்' என்று பெயரிட்டுக் கண்டித்திருக்கிறார்கள்.

திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்பும் ஒரு நிறுவனத்தின் கடிதத்தை எண்ணிப் பாருங்கள். 'டெஸ்பாட்ச்', 'ஷிப்மென்ட்', 'டெலிவரி' ஆகிய மூன்றையும் ஒரே பொருள்போல மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். டெஸ்பாட்ச் என்றால் சரக்கு நம் கிடங்கை விட்டுப் புறப்பட்டது. ஷிப்மென்ட் என்றால் கப்பலிலோ விமானத்திலோ ஏறியது. டெலிவரி என்றால் சேர்ந்தது என்றுதான் சாதாரணமாக எண்ணுவோம். இங்கேதான் சிக்கல். விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்ல பன்னாட்டு வணிகச் சங்கம் வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் விதிகளில், எஃப்ஓபி ('ஃப்ரீ ஆன் போர்ட்') தூத்துக்குடி என்று பேசி முடித்திருந்தால், வாங்குபவர் குறித்த கப்பலில் சரக்கு தூத்துக்குடியில் ஏறியதுமே டெலிவரி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நேரும் சேதத்தின் பொறுப்பு வாங்குபவருடையது. ஆனால் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கடை வைத்திருப்பவர் மின்னஞ்சலில் 'டெலிவரி ஆன் ட்வென்ட்டியத்' என்று படித்தால், இருபதாம் தேதி சரக்கு தம் கிடங்கில் இருக்கும் என்று நினைத்து விற்பனைக்கு ஏற்பாடு செய்யக்கூடும். 'இருபதாம் தேதி தூத்துக்குடியில் கப்பலில் ஏறும்' என்று நீட்டியே எழுதுவதுதான் பாதுகாப்பு.

இந்த இடத்தில் ஒத்தசொல் அகராதியை நம்புவது தவறு. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஷிஃப்ட் விசையோடு எஃப்7ஐ அழுத்தினால் ஒரு வரிசை வந்து நிற்கிறது. 1852இல் ரோஜே வெளியிட்ட 'தெசாரஸ்' என்ற ஒத்தசொல் தொகுப்பு முதல் இன்றைய மென்பொருள் வரை, இந்த வரிசைகள் சொற்களை ஒரு குடும்பமாகத் திரட்டித் தருகின்றனவே தவிர, அவர்களுக்குள் யார் எங்கே பொருந்துவார் என்று சொல்வதில்லை. மறந்துபோன சொல்லை நினைவூட்டிக்கொள்ள அவை நல்லவை. அவற்றைப் பார்த்துத் தெரியாத சொல்லைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 'சீப்', 'இன்எக்ஸ்பென்சிவ்' இரண்டும் ஒரே வரிசையில் வரலாம். ஆனால் 'அவர் சீப் ப்ராடக்ட்ஸ்' என்று எழுதினால் தரம் குறைந்தவை என்று நாமே சொல்வதாகிவிடும்.

வினைமரபு ஆங்கிலத்திலும் உண்டு

சோறு உண், முறுக்குத் தின், பால் பருகு, கூடை முடை, சுவர் எழுப்பு என்று தொடக்கப்பள்ளியில் வினைமரபு படித்தோம். ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை, மரபு அது. ஆங்கிலச் சொற்களுக்கும் இப்படிக் கூட்டாளிகள் உண்டு. ஆர்டரை 'ப்ளேஸ்' செய்ய வேண்டும். இன்வாய்ஸை 'இஷ்யூ' செய்ய வேண்டும் அல்லது 'ரெய்ஸ்' செய்ய வேண்டும். கெடுவை 'மீட்' செய்ய வேண்டும், உடன்பாட்டை 'ரீச்' செய்ய வேண்டும், புகாரை 'லாட்ஜ்' செய்யலாம் அல்லது 'ஃபைல்' செய்யலாம், பில்லை 'செட்டில்' செய்யலாம். 'டு எ மிஸ்டேக்' என்பது 'சுவரைப் பின்னினான்' என்பதுபோல ஆங்கிலக் காதுக்கு உறுத்தும், 'மேக்' வேண்டும்.

சில வினைகள் தமக்குள்ளேயே முன்னிடைச் சொல்லின் பொருளை வைத்திருக்கின்றன. 'டிஸ்கஸ்' என்றாலே ஒன்றைப் பற்றிப் பேசுவதுதான், 'அபௌட்' வேண்டாம். 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' மிகை. 'ரிக்வெஸ்ட்' வினையாக வரும்போது 'ஃபார்' கூடாது, பெயராக வரும்போது வேண்டும்.

எதிர்ச்சொல் என்ற பொறி

எதிர்ச்சொல்லை நாமே கட்டிவிட முடியும் என்ற நம்பிக்கையிலிருந்து 'ப்ரீபோன்' பிறந்தது. 'போஸ்ட்போன்' என்பதற்கு நேர் எதிர், கட்டமைப்பும் ஒழுங்கானது, அகராதிகளிலும் இடம்பெற்றுவிட்டது. நல்ல சொல்தான். ஆனால் இந்திய ஆங்கிலம் அறியாதவருக்கு அது புரியாமல் போகலாம் என்பதால் வெளிநாட்டுக் கடிதத்தில் 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்றே எழுதுங்கள்; புதிய தேதியையும் சேர்த்து எழுதிவிடுங்கள். 'ரிவர்ட்' என்பதும் அப்படியே. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா அலுவலகங்களில் அதற்குப் பதில் அனுப்புவது என்று பொருள். மற்ற இடங்களில் பழைய நிலைக்குத் திரும்புவது. 'ரிப்ளை' என்ற எளிய சொல் இருக்கும்போது இந்த ஆபத்து தேவையில்லை.

ஒரே சொல் தனக்குத்தானே எதிராக நிற்பதும் உண்டு. 'சாங்க்ஷன்' என்றால் அனுமதியும் ஆகும், தடை விதிப்பும் ஆகும். 'ஓவர்சைட்' என்றால் மேற்பார்வை, கவனக்குறைவால் விடுபட்டது இரண்டுமே. 'பைவீக்லி' வாரம் இருமுறையா, இரு வாரத்துக்கு ஒருமுறையா என்று ஆங்கிலேயர்களே கேட்க வேண்டியிருக்கிறது. 'டேபிள்' என்ற வினைச்சொல் பிரிட்டனில் ஒன்றை விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத் தலைமையினர் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் கசப்போடு வாதிட்டார்கள் என்றும், பிறகுதான் இரு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று தெரிந்தது என்றும் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு நேர்ந்தது இது. இத்தகைய சொற்களைத் திறமையாகக் கையாள முயல்வதைவிட முழுவதும் விலக்குவதே நல்லது.

பொதுச்சொல்லும் அழுத்தமும்

'தேர் இஸ் எ ப்ராப்ளம் இன் தி கூட்ஸ்' என்ற வாக்கியத்தால் யாராலும் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது. ப்ராப்ளம் என்பது குடைச்சொல். அதன்கீழ் 'டிஃபெக்ட்' உற்பத்தியிலேயே நேர்ந்த குறை, 'டேமேஜ்' பெரும்பாலும் வழியிலோ கையாளும்போதோ நேர்ந்த சேதம், 'ஷார்ட்டேஜ்' எண்ணிக்கைக் குறைவு. முதலாவதற்கு உற்பத்தியாளரிடமும், இரண்டாவதற்குக் காப்பீட்டாளரிடமோ சரக்கை ஏற்றிச் சென்ற நிறுவனத்திடமோ, மூன்றாவதற்கு எண்ணிக் கட்டியவரிடமும் போக வேண்டும். வகைச்சொல்லைச் சரியாகச் சொன்னால் கடிதம் சரியான மேசைக்குப் போய்ச் சேரும்.

அழுத்தத்திலும் இதே படிநிலை உண்டு. 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' மூன்றும் மரியாதையின் அளவுகள் அல்ல, கடமையின் அளவுகள். இணையத் தொழில்நுட்பத் தரங்களை எழுதுபவர்கள் 1997இல் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தில் இந்தச் சொற்களுக்கென்றே வரையறை வகுத்தார்கள். அதன்படி 'மஸ்ட்' விலக்கில்லாதது, 'ஷுட்' தக்க காரணம் இருந்தால் விலகலாம், 'மே' விருப்பம். சென்னை மென்பொருள் நிறுவனங்களில், என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் தேவை ஆவணம் எழுதுபவர்கள் பணிவுக்காக 'ஷுட்' போட்டுவிட்டு, செய்ய வேண்டியவர் அதைச் செய்யாதபோது வருந்துவதில் பயனில்லை.

எண்களை எழுதும்போது லட்சமும் கோடியும் நமக்குள் இருக்கட்டும். வெளிநாட்டுக்கு ஒரு மில்லியன் என்றால் பத்து லட்சம், நூறு கோடி என்றால் ஒரு பில்லியன். காற்புள்ளியும் 12,50,000 என்பதற்குப் பதில் 1,250,000 என்று இடம் மாறும். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால், 05/06 என்பது ஜூன் 5ஆ, மே 6ஆ என்ற குழப்பம் வராது.

கற்கும் முறையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ப் பொருளை எழுதும் நோட்டுப் புத்தகத்தை மாற்றுங்கள். 'இன்வாய்ஸ்' என்று எழுதினால், அதனோடு சேரும் வினைகளான 'இஷ்யூ', 'ரெய்ஸ்', 'பே', 'டிஸ்ப்யூட்' ஆகியவற்றை எழுதுங்கள். அதன் பக்கத்துச் சொற்களான 'பில்', 'ரிசீட்', 'ஸ்டேட்மென்ட்' ஒவ்வொன்றும் எந்த நிலையில் யார் கைக்குப் போகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். உண்மையாக வந்த ஒரு வணிகக் கடிதத்திலிருந்து, அச்சொல் இருக்கும் வாக்கியத்தை முழுதாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எழுதும்போது அந்த வாக்கியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.