ஹைட்ராலிக் சிலிண்டரைப் பிரிக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி?

பிரஸ்ஸில் டன்னேஜ் (அழுத்தும் விசை) ஏறவில்லை, லிஃப்ட் டேபிள் மெல்ல இறங்குகிறது என்றதும் சிலிண்டரைக் கழற்றி கிரேனில் தொங்கவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். ஒரு நாள் உற்பத்தி போகும், சீல் கிட் செலவாகும். கடைசியில் பழுது வால்வில் இருந்தது என்று தெரியவரும். 6 மி.மீ. போரோஸ்கோப் (துளைக்குள் நுழைக்கும் மெல்லிய கேமரா) ஒன்றும் பொறுமையும் இருந்தால், சிலிண்டரை இடத்திலேயே வைத்து ஆயில் போர்ட் (ஆயில் போய்வரும் துளை) வழியாக உட்சுவரைப் பார்த்துவிடலாம். கேமராவை நுழைப்பது எளிது. அதற்கு முன் அழுத்தத்தை இறக்குவதும், திரையில் தெரியும் கீறல் ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பதும்தான் கடினம்.

முதலில், பார்க்கத் தேவை இருக்கிறதா?

சிலிண்டர் தானாக இறங்கினால் பிஸ்டன் சீல் போய்விட்டது என்பது பாதிதான் உண்மை. போர் (உள்விட்டம்) 100 மி.மீ., ராடு (பிஸ்டனோடு சேர்ந்து வெளியே நீளும் தண்டு) 70 மி.மீ. உள்ள ஒரு சிலிண்டர் 10 டன்னைத் தாங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்பக்க அழுத்தம் சுமார் 125 பார். இரண்டு போர்ட்டும் இறுக்கமாக மூடியிருக்கும்போது பிஸ்டன் சீல் முழுதாகப் போனாலும் ஆயிலுக்கு வெளியேற வழி இல்லை. ராடு கொஞ்சம் உள்ளே இறங்கும், இரு பக்க அழுத்தமும் சமமாகி சுமார் 255 பாருக்கு ஏறும், அத்துடன் நின்றுவிடும். நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் டைரக்ஷன் வால்வு ஸ்பூலிலோ (ஆயில் போகும் திசையை மாற்ற நகரும் தண்டு) செக் வால்விலோ (ஒருவழி வால்வு) கசிவு இருக்கிறது. ராடு பக்கம் டேங்குக்குத் திறந்திருக்கும் சர்க்யூட்டில் மட்டும் பிஸ்டன் சீலை நேராகச் சந்தேகிக்கலாம். சர்க்யூட் வரைபடத்தைப் பார்க்காமல் ஸ்பானரை எடுக்க வேண்டாம்.

அடுத்து ரிட்டர்ன் ஃபில்டர், அதாவது டேங்குக்குத் திரும்பும் ஆயிலை வடிகட்டுவது. எலிமென்ட்டை அறுத்து, மடிப்புகளை வெள்ளைத் தாளில் விரித்துப் பாருங்கள். கருப்பு ரப்பர் துணுக்கு சீலில் இருந்தோ ஹோஸில் இருந்தோ வந்திருக்கும். மஞ்சள் மினுமினுப்பு பெரும்பாலும் பம்பின் வெண்கலப் பாகத்தினுடையது. காந்தத்தை பாலித்தீன் பையில் சுற்றித் துகள்கள் மேல் நகர்த்துங்கள். ஒட்டிக்கொள்வது இரும்பு. பிறகு பையை உள்வெளியாகத் திருப்பினால் துகள் தனியாக விழுந்துவிடும். நீளமான, சுருண்ட இரும்புச் சீவல் கிடைத்தால் சிலிண்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

கேஜ் பூஜ்யம் காட்டினால் போதாது

பம்பு பக்கத்து கேஜ் பம்பு லைனைத்தான் காட்டும். சிலிண்டருக்கும் அதற்கும் நடுவில் பைலட் செக் வால்வோ கவுண்டர்பேலன்ஸ் வால்வோ (இரண்டும் சுமை தானாக இறங்காமல் ஆயிலை அடைத்துப் பிடிப்பவை) இருந்தால், மோட்டார் நின்று மணிக்கணக்கான பிறகும் சிலிண்டருக்குள் நூறு பாருக்கு மேல் அடைபட்டிருக்கலாம். இரண்டு வால்வுக்கு நடுவே சிக்கிய ஆயில் சூடானாலும் அழுத்தம் ஏறும். விறைப்பான இரும்புக் குழாயில் அது ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 10 பார். காலையில் பூஜ்யமாக இருந்த லைன், ஷெட் சூடேறிய மதியத்தில் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

மேலிருந்து கீழே அழுத்தும் 100 டன் வகைப் பிரஸ்ஸுக்கு இந்த வரிசையில் செய்யலாம்:

1. டையைக் கழற்றிவிட்டு, பெட்டின் மேல் ஸ்டீல் பிளாக் வைத்து, ஸ்லைடு (பிரஸ்ஸில் மேலும் கீழும் நகரும் பாகம்) முழு எடையோடு அதில் உட்காரும்வரை இறக்கவும். மரக்கட்டை வேண்டாம்.
2. மோட்டாரை நிறுத்தி, ஐசோலேட்டரில் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே பையில் வைத்துக்கொள்ளவும்.
3. அக்குமுலேட்டர் (நைட்ரஜன் அழுத்தத்தில் ஆயிலைச் சேமிக்கும் கலன்) இருந்தால் அதன் டிரெயின் வால்வைத் திறந்து ஆயில் பக்கத்தை டேங்குக்கு இறக்கவும்.
4. சோலனாய்டு வால்வில் கையால் அழுத்துவதற்கென்று உள்ள பின்னை (ஊசி) இரு பக்கமும் ஐந்தாறு முறை அழுத்தவும். சிறிய, நேரடி வால்வில் இது வேலை செய்யும். பைலட் அழுத்தத்தில் நகரும் பெரிய வால்வில் பம்பு ஓடாதபோது பின்னை அழுத்தினாலும் மெயின் ஸ்பூல் அசையாது. பைலட் செக் வால்வும் அப்படித்தான் திறக்காது.
5. அதனால் சிலிண்டர் பக்கத்து டெஸ்ட் பாயின்ட்டில், இரண்டு போர்ட்டுக்கும் தனித்தனியாக, கேஜ் மாட்டிப் பார்க்கவும். அழுத்தம் இருந்தால் டெஸ்ட் ஹோஸ் வழியாக டேங்குக்கு விடவும்.
6. இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே போர்ட் இணைப்பின் நட்டைக் கால் சுற்று தளர்த்தி, ஆயில் வருவது நிற்கும்வரை காத்திருந்து, முழுதாகக் கழற்றவும்.

கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை விட்டொழியுங்கள். ஊசித் துளையில் பீறிடும் ஆயில் 7 பார் அளவிலேயே தோலைத் துளைக்கக்கூடும். முதலில் வெறும் முள் குத்திய புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது. ஆனால் உள்ளே பரவிய ஆயில் விரலையே எடுக்க வைத்துவிடும். அப்படி ஒன்று நடந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

பெரிய பிரஸ்ஸில் சிலிண்டருக்கு மேலே ப்ரீஃபில் டேங்க் (ஸ்லைடு வேகமாக இறங்கும்போது சிலிண்டரை நிரப்புவது) இருக்கும். அதன் வால்வை மூடாமல் மேல் போர்ட்டைத் திறந்தால் அந்த டேங்க் ஆயில் எல்லாம் வெளியே கொட்டும்.

பிஸ்டன் எங்கே நிற்க வேண்டும்?

பிரஸ் முழு அழுத்தத்தைத் தருவது ஸ்ட்ரோக்கின் கடைசிப் பகுதியில். தேய்மானமும் அங்கேதான் அதிகம். எனவே பிளாக்கின் உயரத்தை, பிஸ்டன் அந்தப் பகுதியைத் தாண்டிக் கீழே போகும்படி தேர்ந்தெடுங்கள். டையின் உயரத்துக்கே பிளாக் வைத்தால் பார்க்க வேண்டிய இடத்தைப் பிஸ்டனே மறைத்துக்கொண்டு நிற்கும். ராடு பக்கத்தைப் பார்க்க ஸ்லைடு மேலே இருக்க வேண்டும். அதற்கு இருபுறமும் ஸ்டீல் முட்டு கொடுத்த பிறகே அழுத்தத்தை இறக்க வேண்டும். போர் 100, ராடு 70 என்றால் நடுவே 15 மி.மீ. இடைவெளி, கேமரா தாராளமாகப் போகும். 63க்கு 45 என்றால் 9 மி.மீ.தான், போகும் ஆனால் வளையாது.

செங்குத்துச் சிலிண்டரில் போர்ட் மேலே இருப்பதால் ஆயில் தானாக வடியாது. 500 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள 100 மி.மீ. போரில் ஏறக்குறைய 4 லிட்டர் பிஸ்டன் தலைமேல் நிற்கும். 8 மி.மீ. நைலான் டியூபை இறக்கிக் கைப்பம்பால் உறிஞ்சி எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்து வெளியேற்றலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். 6 பார் காற்று 100 மி.மீ. பிஸ்டனை சுமார் 480 கிலோ விசையோடு தள்ளும்.

போர்ட்டைச் சுற்றி முதலில் துடைத்துவிடுங்கள். நூல் உதிர்க்கும் பனியன் வேஸ்ட் இந்த வேலைக்கு ஆகாது. அந்த நூல் நேராக வால்வுக்குத்தான் போகும். ஆயில் 40 டிகிரிக்குக் கீழே ஆறட்டும். சூடான சிலிண்டரில் லென்ஸ் பனிமூட்டம் போட்டுவிடும், மலிவான கேமராவின் பசையும் இளகும்.

கேமரா

கால் இன்ச் பிஎஸ்பி (குழாய் மரைத் தரம்) போர்ட்டின் மரை உள்விட்டம் 11 மி.மீ.க்கு மேல் என்றாலும், அதற்கு அடியில் சிலிண்டருக்குள் போகும் துளை இன்னும் சின்னதாக இருக்கலாம். 5.5 அல்லது 6 மி.மீ. புரோப் பெரும்பாலான இடத்தில் நுழையும். முன்னே பார்க்கும் லென்ஸ் மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். சுவரை அது சாய்வாகப் பார்ப்பதால் சின்னக் கோடும் வாய்க்கால்போலத் தெரியும். பக்கவாட்டு லென்ஸும் சேர்ந்த புரோப், அல்லது முனை வளையும் புரோப் வேண்டும். மலிவான கேமராவோடு வரும் ஒட்டுக் கண்ணாடி, கொக்கி, காந்தம் எதையும் மாட்டிக்கொண்டு உள்ளே விடாதீர்கள். கழன்று விழுந்தால் கடைசியில் சிலிண்டரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கேபிளில் 50 மி.மீ.க்கு ஒரு குறி போடுங்கள். போர்ட் இருக்கும் திசையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் "ஆழம் 350, மணி 4" என்று எழுதுங்கள். இந்தக் குறிப்பு இல்லாத படம் பிறகு எதற்கும் உதவாது. ஹோனிங் செய்த (நுண்கல்லால் தேய்த்து மெருகேற்றிய) சுவர் கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பும் என்பதால் விளக்கைப் பாதி வெளிச்சத்துக்கும் கீழே குறைத்து வையுங்கள். வெளியே இழுக்கும் முன் வளைந்த முனையை நேராக்க மறக்கக் கூடாது. போர்ட் துளையின் கூர் விளிம்பில் மாட்டினால் உள்கம்பி அறுந்துபோகும்.

திரையில் தெரிவது என்ன சொல்கிறது?

நல்ல சுவரில் இரண்டு திசையிலும் சாய்ந்த மெல்லிய ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். கண்ட கோட்டையெல்லாம் கீறல் என்று எழுதிவிடாதீர்கள். ஆயில் வழிந்த தடமும் கோடுபோலவே இருக்கும். சில நிமிடம் கழித்து அதே இடத்தைப் பாருங்கள், இடம் மாறியிருந்தால் அது ஆயில்.

கீறலின் ஆழத்தைவிட அது ஓடும் திசையும் இருக்கும் இடமும் அதிகம் சொல்லும். நீளவாக்கில், சுற்றிலும் பரவலாக மெல்லிய கோடுகள் இருந்தால் ஆயிலில் அழுக்கு. ஐஎஸ்ஓ 4406 முறையில் (ஆயிலில் உள்ள துகள்களை எண்ணும் தரநிலை) ஆயில் சுத்தத்தைச் சோதித்து, ஃபில்டரையும் டேங்க் மூடியையும் பார்க்க வேண்டும், சீலை மாற்றினால் மட்டும் தீராது. அதே கோடுகள் மணி 5 முதல் 7 வரை மட்டும் இருந்து எதிர்ப்பக்கம் சுத்தமாக இருந்தால், பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. கைடு ரிங் (பிஸ்டனை நடுவில் பிடிக்கும் வளையம்) தேய்ந்திருக்கும், அல்லது ஸ்லைடு சீரமைப்பு விலகியிருக்கும். உறுதிப்படுத்த வெளியே ராடைப் பாருங்கள். கிளாண்டு (ராடு வெளியே வரும் வாய்) பகுதியில் நேர் எதிர்ப்பக்கத்தில் குரோம் தேய்ந்து பளபளக்கும்.

ஒரே உயரத்தில் வளையமாகத் துரு இருந்தால், மெஷின் நெடுநாள் அங்கே நின்றிருக்கிறது, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் கூலரைச் சோதியுங்கள். குறுகிய பட்டையில் மட்டும் ஹோனிங் கோடு மறைந்து வழவழப்பாக இருந்தால், பிஸ்டன் எப்போதும் அந்தச் சின்ன ஸ்ட்ரோக்கில்தான் ஓடியிருக்கிறது. அங்கே சுவரில் ஆயில் படலம் நிற்காது, புது சீலும் சீக்கிரம் போகும். பழுப்பு வார்னிஷ் படிவு ஆயில் அதிகம் சூடானதைக் காட்டும்.

ஸ்ட்ரோக் முனையில் கரிந்த கருப்பு, பக்கத்தில் பொடிப்பொடியாகக் குழி இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது டீசல் விளைவு. ஆயிலில் இருந்த காற்றுக் குமிழி திடீர் அழுத்தத்தில் சூடேறி, ஆயில் ஆவியோடு பற்றி எரிந்த தடம். அப்போது காற்று நுழையும் இடத்தை, பம்பு ஆயிலை உறிஞ்சும் சக்ஷன் ஹோஸின் கிளிப்பில் இருந்து தேடத் தொடங்குங்கள்.

கேமராவுக்குத் தெரியாதவையும் உண்டு. உட்புறம் பீப்பாய்போல உப்பியதும், விட்டம் மி.மீ.யில் நூறில் சில பங்கு கூடியதும் படத்தில் வராது. சீல் சறுக்கும் உதடும் தெரியாது. கோடு ஆழமாக இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் பிரித்து, போர் கேஜ் வைத்து மூன்று ஆழத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். நகம் மாட்டும் கீறலில் புது சீல் போட்டு மூடுவது பணத்தை வீணாக்குவதுதான். மறுபடி ஹோனிங் செய்தால் சீலுக்குப் பின் இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்பதை சீல் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

ஹோஸும் அக்குமுலேட்டரும்

போர்ட் திறந்திருக்கும்போதே ஹோஸின் உள்ளேயும் கேமராவை விடுங்கள். கிரிம்ப் (ஹோஸ் முனையை நெருக்கிப் பிடிக்கும் இடம்) பக்கத்தில் உள் ரப்பர் உரிந்து நாக்குபோலத் தொங்கினால், ஆயில் ஒரு பக்கம் போகும், மறுபக்கம் வராது. சிலிண்டர் வேகமாக இறங்கி மெதுவாக ஏறும் விசித்திரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பிளாடர் (நைட்ரஜன் அடைத்த ரப்பர் பை) அக்குமுலேட்டரில் ஆயில் இறங்கினாலும் நைட்ரஜன் அப்படியே இருக்கும். சார்ஜிங் கிட் மாட்டி, காற்றோட்டமான இடத்தில் மெதுவாக விட்டு, கேஜ் பூஜ்யத்தில் நின்ற பிறகே வால்வைக் கழற்ற வேண்டும். மூடிய அறையில் நைட்ரஜன் மூச்சை அடைக்கும், வாசனையும் வராது. பிளாடரை எடுத்தபின் ஷெல்லின் அடியில் துருக்குழியைத் தேடுங்கள். குழி இருந்தால் வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முடியாது, ஷெல்லையே மாற்ற வேண்டும். திரும்ப நிரப்பும்போது முதல் சில பார் மிக மெதுவாகப் போகட்டும், இல்லாவிட்டால் பிளாடர் பாப்பெட்டில் (ஆயில் வாயிலை மூடும் வால்வு) சிக்கிக் கிழியும். முன்நிரப்பு அழுத்தம் வழக்கமாகக் குறைந்தபட்ச இயக்க அழுத்தத்தில் 0.9 பங்கு. நைட்ரஜன் தவிர வேறு எதுவும் கூடாது. ஆக்ஸிஜன் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

மூடும்போது

டவுட்டி வாஷரைப் (உட்புறம் ரப்பர் ஒட்டிய உலோக வாஷர்) புதிதாகப் போடுங்கள். புது பேரல் ஆயிலும் அப்படியே ஊற்றும் அளவுக்குச் சுத்தம் கிடையாது, ஃபில்டர் வண்டி வழியாகத்தான் நிரப்ப வேண்டும். பிறகு ரிலீஃப் வால்வை (அழுத்த வரம்பை வைக்கும் வால்வு) 20–30 பாருக்குக் குறைத்து, சுமை இல்லாமல் பத்துப் பன்னிரண்டு முழு ஸ்ட்ரோக் ஓட்டி, மேல் புள்ளியில் காற்றை விட வேண்டும். இதை அவசரப்பட்டு விட்டுவிட்டு நேராக 200 பாருக்கு ஏற்றினால், உள்ளே தங்கிய காற்றே முதல் நாளிலேயே சீலைக் கருக்கிவிடும். டேங்க் கண்ணாடியில் நுரை அடங்கிய பிறகு அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, கழற்றிய ஒவ்வொரு இணைப்பையும் அட்டையால் சோதியுங்கள். அடுத்த 50 மணி நேர ஓட்டத்துக்குப் பின் ரிட்டர்ன் ஃபில்டரை எடுத்து மீண்டும் அறுத்துப் பார்க்க வேண்டும்.