‘வருவேன்னு சொன்னார்’: இதை இங்கிலீஷில் எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்

குறுவை நெல்லுக்கு நாற்று விட்டிருந்த நேரம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். ஆற்றுத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் போர்வெல்லை நம்பித்தான் பெரியப்பா இறங்கியிருந்தார். புதிதாக வாங்கிய மோட்டார் பத்தே நாளில் நின்றுபோனது. கடையிலிருந்து வந்து பார்த்த ஆள் “ஒரு வாரத்துல மாத்திக் குடுத்துடுறேங்க” என்று சொல்லிவிட்டுப் போனார், மூன்று வாரமாகியும் ஆளைக் காணோம். “தம்பி, நீ இங்கிலீஷ்ல ஒரு மெயில் போடு, அப்பதான் அசைவானுங்க” என்றார் பெரியப்பா. போட்டேன். “யுவர் மேன் செட் ஹி வில் ரீப்ளேஸ் இட் இன் எ வீக்.” மறுநாளே பதில் வந்தது: நன்றி, ஒரு வாரம் பொறுத்திருங்கள்.

கோபம் வந்தது. ஆனால் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் நான் எழுதியதைப் படித்தால் இனிமேல்தான் அந்த ஆள் மாற்றித் தரப்போகிறார், அதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றுதான் தோன்றும். ‘வில்’ போட்ட இடத்தில் ‘வுட்’ போட்டிருக்க வேண்டும்.

இந்தத் தப்பை நாம் எல்லாரும் செய்வதற்குக் காரணம் தமிழ்தான். நம்மிடம் ‘என்று’ இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் சொன்ன வார்த்தையை அப்படியே தூக்கி வைத்து, பின்னால் ஒரு ‘என்று’ சேர்த்தால் வேலை முடிந்தது. ‘வருவேன் என்று சொன்னார்’ என்பதில் சொன்னது போன மாதமாக இருந்தாலும் ‘வருவேன்’ வருவேனாகவே நிற்கும். இங்கிலீஷில் அப்படி நிற்காது. சொன்னது கடந்த காலமானால் உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகும். ‘ஐ வில் கம்’ என்று அவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்லும்போது ‘ஹி செட் ஹி வுட் கம்’. வில் வுட் ஆகும், கேன் குட் ஆகும், மே மைட் ஆகும். (நல்லது என்கிற குட் வேறு, இது வேறு. தமிழில் எழுதினால் இந்தச் சங்கடம் ஒன்று.)

இங்கே முக்கியமானது, ‘வுட்’ போட்டால் காரியம் நடந்ததா இல்லையா என்று அந்த வாக்கியம் சொல்லாது. எங்கள் பக்கத்து ஆறுகளுக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள், 2024-ல் ஜூலை 28 வரைக்கும் இழுத்தது. ‘தே செட் தே வுட் ஓப்பன் இட் ஆன் ஜூன் 12’ என்று ஒருவர் எழுதினால் அப்படி ஒரு பேச்சு இருந்தது என்பது மட்டும்தான் தெரியும். திறந்தார்களா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்பதை அடுத்த வாக்கியத்தில்தான் எழுத வேண்டும்.

பேச்சுக்கு மட்டும் இல்லை, நினைப்புக்கும் இதேதான். ‘ஐ தாட் யூ வில் கம்’ என்பதை நம் ஊரில் தினமும் கேட்கலாம். ‘ஐ தாட் யூ வுட் கம்’ என்பதுதான் சரி. தாட், நியூ, ஹோப்ட் இந்த மூன்றில் எது முன்னால் வந்தாலும் பின்னால் வுட், குட், மைட் என்று கை தானாகப் போகப் பழக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வருகிற ராத்திரி எங்கள் வீட்டில் ‘நாலு மரம் விழலாம், கொஞ்சம் ஓடு பறக்கலாம்’ என்றுதான் நினைத்துக்கொண்டு படுத்தோம். ‘வி தாட் எ ஃப்யூ ட்ரீஸ் மைட் ஃபால்.’ 16-ம் தேதி விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பே படுத்துக் கிடந்தது. அந்த ‘மைட்’டில் எங்கள் அப்போதைய கணக்கு மட்டும்தான் இருக்கிறது, விடிந்தபிறகு தெரிந்தது இல்லை. நினைப்பை எழுத இந்தச் சொற்கள் எவ்வளவு தோது என்று எனக்குப் புரிந்தது இதை எழுதிப் பார்த்தபோதுதான்.

கேள்வியாக இருந்தால் இன்னொரு வேலை சேர்ந்துகொள்ளும். பள்ளிக்கூட வாசலில் நின்று ‘மே ஐ கம் இன் சார்’ என்று கேட்காதவர் உண்டா? அதையே வீட்டில் வந்து சொன்னால் ‘ஐ ஆஸ்க்ட் இஃப் ஐ குட் கோ இன்’. மைட் என்றும் சொல்லலாம், கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ‘ஆஸ்க்ட் குட் ஐ கோ இன்’ என்று கேள்வியின் வரிசையிலேயே விட்டுவிடாமல், இஃப் போட்டுச் சாதாரண வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். ‘ஷல் ஐ பிரிங் டீ’ மாதிரி ‘கொண்டு வரட்டுமா’ என்று கேட்பது ‘ஹி ஆஸ்க்ட் இஃப் ஹி ஷுட் பிரிங் டீ’ ஆகும். வுட், குட், மைட், ஷுட், ஆட் டு (ought to) ஆகியவை சொன்னவர் வாயிலேயே இருந்தால் அவற்றைத் தொட வேண்டாம், அப்படியே இருக்கும்.

எல்லாரையும் தடுக்கி விழ வைப்பது ‘மஸ்ட்’. நெல் கொள்முதல் நிலையத்தில் ‘சிட்டா அடங்கல் கொண்டு வரணும்’ என்று நிலத்துக்கான பதிவுகளைக் கேட்டுச் சொன்னதை ‘ஹி செட் ஐ ஹேட் டு பிரிங் தி சிட்டா’ என்று எழுதலாம், மஸ்ட்டை அப்படியே விட்டாலும் தப்பில்லை. ஆனால் மஸ்ட்டுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, ஊகம். விளக்கு அணைந்திருக்கிறது, அப்பா தூங்கிக்கொண்டிருக்கணும் என்று அக்கா நினைத்தாள். ‘ஷி தாட் ஹி மஸ்ட் பி ஸ்லீப்பிங்.’ இங்கே மாற்றாதீர்கள், ‘ஹேட் டு’ போட்டால் தூங்கியாக வேண்டிய கட்டாயம் என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் லைன்மேன் ‘ஃப்யூஸைத் தொடக்கூடாது’ என்று சொன்னதை ‘ஹி செட் வி டிடின்ட் ஹேவ் டு டச் இட்’ என்று எழுதினால் ‘தொடத் தேவையில்லை’ என்று அர்த்தம் மாறிவிடும், தேவையில்லை என்றால் தொட்டுப் பார்க்கிற ஆள் எந்த வீட்டிலும் ஒருத்தர் உண்டு. ‘ஹி செட் வி மஸ்ட்ன்ட் டச் இட்’ என்றே விடுங்கள்.

‘ஹி சேஸ்’ என்று நிகழ்காலத்தில் எழுதினால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ‘செட்’ போட்டிருந்தாலும், இப்போதுதான் சொன்னார், காரியம் இன்னும் முன்னால் இருக்கிறது என்றால் வில்லும் சரிதான்: ‘ஹி செட் ஹி வில் கம் டுமாரோ.’ சந்தேகம் வந்தால் நான் வுட் பக்கம் சாய்வேன். சொன்ன நாள் தாண்டிவிட்டால் டுமாரோவும் தி நெக்ஸ்ட் டே ஆக வேண்டும், அதை மறந்துவிடக் கூடாது.

இதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் வுட்டைத் தெளிக்கவும் வேண்டாம். ‘தி மீட்டிங் வுட் பி ஹெல்ட் டுமாரோ’ என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, மரியாதையாக இருக்கும் என்று நினைத்து, அது தப்பு. யாரும் சொன்னதை எடுத்துச் சொல்லவில்லை, நேராக அறிவிக்கிறோம், வில் போதும்.

பெரியப்பா மெயிலை அன்றைக்கு ராத்திரியே திருப்பி எழுதினேன். “ஆன் ஜூன் 3 யுவர் மேன் டோல்ட் அஸ் ஹி வுட் ரீப்ளேஸ் தி மோட்டார் வித்இன் எ வீக். ஹி ஹேஸ்ன்ட்.” செட் போட்டால் யாரிடம் என்று சொல்லாமல் விடலாம், டோல்ட் போட்டால் அஸ் மாதிரி ஒரு ஆள் கூடவே வர வேண்டும், அதையும் கவனியுங்கள். நாலாம் நாள் வேன் வந்தது. மோட்டாரை இறக்கிக்கொண்டிருக்கும்போதே எதிர் வரப்பிலிருந்து ஒரு பையன் கத்தினான், வாய்க்காலில் தண்ணி வந்துடுச்சு என்று.